ஐந்நூறு தேய்ப்பு

முதல் தோட்டா இன்பராஜின் தொடையைத் துளைத்துக்கொண்டு போனது. இரண்டாவது தோட்டா வரவேயில்லை.

வந்திருந்தால் அவன் சீக்கிரம் செத்திருப்பான். வராததால்தான் ஹெல்மெட் போட்ட ஆள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அதன் அடிப்பாகத்தால் இன்பராஜின் தலையில் அடிக்க ஆரம்பித்தான். பத்தொன்பது அடி. எண்ணியவள் மெர்சி. புருஷனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், தோல் குடோன் வாசலில் டிபன் கேரியரோடு உறைந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணினாள். வேறு எதுவும் செய்ய அவள் உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஐந்தாவது அடிக்கு மேல் இன்பராஜ் கத்தவில்லை. பன்னிரண்டாவது அடிக்கு மேல் சத்தமே மாறிப்போனது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல.

பத்தொன்பது முடிந்ததும் அவன் நிமிர்ந்தான். மெர்சியைப் பார்த்தான். பாசிப் பச்சை நிறத் துப்பாக்கியை அவள் முகத்துக்கு நேராக நீட்டி விசையை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான்.

"ச்சை, இதுவும் ஃபெயிலா!" என்று ஹெல்மெட்டுக்குள் முனகினான்.

அந்த முனகலில்தான் மெர்சிக்குக் கால்கள் திரும்பி வந்தன. ஓடினாள்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை புருஷனை அடக்கம் செய்துவிட்டு, கல்லறைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் காணாமல் போனாள். இன்று செவ்வாய்.

யோகலட்சுமி தன் நோட்டில் இதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். வேலூரில் சின்னதாக ஒரு துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளையும் திருட்டுகளையும் விசாரித்தவள். எதையும் இரண்டு தடவை அளப்பாள். இரண்டும் ஒன்றாக வந்தால், இரண்டு தடவையும் ஒரே தப்பைச் செய்துவிட்டோமோ என்று மூன்றாவது தடவை அளப்பாள். இந்தப் பழக்கத்தால் அவளுக்குக் கேஸ்கள் கிடைத்தன, தூக்கம் கிடைக்கவில்லை.

அவளை இந்தக் கேசுக்குக் கூப்பிட்டவர் ராஜகோபால். இன்பராஜ் தோலுக்குச் சாயம் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்த ஃபினிஷிங் யூனிட்டின் குவாலிட்டி மேனேஜர். "பாவம் மேடம், அந்தப் பொண்ணு எங்க ஒளிஞ்சிருக்கோ! கொலைகாரன் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க கண்டுபிடிச்சிடுங்க. கம்பெனி செலவுல காப்பாத்துவோம்" என்று சனிக்கிழமை போனில் கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

நேற்று சாயங்காலம் மெர்சியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஒடுகத்தூரில், சின்னம்மா அன்னம்மாள் வீட்டில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் குரலைத் திரும்பக் கேட்டால் ஆளைச் சொல்லிவிடுவேன் என்றாள். இன்று காலையில் யோகலட்சுமி இரண்டு செய்திகள் அனுப்பினாள். ஒன்று போலீசுக்கு, ஒன்று ராஜகோபாலுக்கு.

இப்போது மணி பத்தரை. ஆம்பூர் ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமியின் மேசைக்கு எதிரே அவளும் அவள் உதவியாளன் வாஹித் பாஷாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மெர்சிக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு லேடி கான்ஸ்டபிள அனுப்பிடறேன்" என்றார் கோவிந்தசாமி. "அதுக்கு அவசரமே இல்லம்மா. ஆளைத்தான் புடிச்சிட்டோமே. இன்பராஜ்கூட ஸ்பிரே அடிச்ச பிரேம்நாத். துப்பாக்கிக்குக் கோட்டிங் அடிச்சது தெரியும்னு அவனே ஒத்துக்கிட்டான்."

"துப்பாக்கிக்கு எதுக்கு சார் கோட்டிங்?" யோகலட்சுமி பேனாவைத் திறந்தாள்.

"துரு புடிக்காம இருக்க. அப்புறம் அடையாளம் மாறிடும். தோல் பதப்படுத்துற டேனரிக் காத்து தெரியாதா உங்களுக்கு?"

"இரும்புக் கதவே மூணு வருஷத்துல முறுக்கு மாதிரி நொறுங்குது சார்" என்றான் வாஹித். ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் ஒன்பது வருஷம் கட்டிங் மேசையில் நின்றவன். வாய்க்கு மட்டும் ஷிஃப்ட் முடிவதே இல்லை. "இந்தக் காத்துல துரு புடிக்காம நிக்கிறது எங்க மாமியார் ஒருத்தங்கதான்."

கோவிந்தசாமி சிரிக்காமல், தன் இடுப்புத் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களை உருவி மேசையில் வைத்தார். "கீழ கிடந்த வெத்துத் தோட்டாவ வச்சுப் பார்த்தா அவன்து இதே ரகம். இந்த மேல்பாகம் இருக்கு பாருங்க, ஸ்லைடு. சுடும்போது தானா பின்னாடி போய், தானா முன்னாடி வரணும். வந்தாத்தான் அடுத்த தோட்டா. கோட்டிங் அடிச்சா இந்தத் தண்டவாளம் இறுகிப் போயிடும். புது ஷூ மாதிரி. மொத நாளே போட்டுக்கிட்டு ஓட முடியுமா? கடிக்கும். பழக்கணும்."

"எப்படிப் பழக்குவாங்க?"

"இருநூறு ரவுண்டு சுடணும்."

"அவன்கிட்ட இருநூறு தோட்டா இருக்குமா?"

"நாலு இருந்தா ஜாஸ்தி."

"அப்ப சுட்டுப் பழக்க முடியாது. தேய்ச்சுத்தான் பழக்கணும்."

"அதத்தான் நானும் சொல்றேன்! கையால நூத்துக்கணக்குல இழுத்து இழுத்து விடணும். பிரேம்நாத் கையைப் பாருங்க. உள்ளங்கை பூரா கொப்புளம்."

யோகலட்சுமி பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள். "ஒரு தடவை முழுசா இழுங்க சார்."

அவர் இழுத்தார். அளந்தாள். மறுபடி இழுக்கச் சொன்னாள். மறுபடி அளந்தாள்.

"இன்னாம்மா, ஜாக்கெட்டுக்கு அளக்கிற மாதிரி அளக்கிறீங்க!"

"நாலரை சென்டிமீட்டர்" என்று எழுதிக்கொண்டாள். "இறுகிப்போன ஸ்லைடைக் கையால இழுத்தா வராதா சார்?"

"கையால பலம் போட்டுத் தள்ளிடலாம். ஆனா சுடும்போது யார் கையும் அங்க இருக்காதே. ஸ்பிரிங் மட்டும்தான். அதுக்கு அவ்ளோ பலம் கிடையாது."

லாக்கப்பில் பிரேம்நாத் சுவரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இடது கண் வீங்கி மூடியிருந்தது. உதட்டில் உலர்ந்த ரத்தம். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அடித்திருக்கிறார்கள் என்பதற்கு நோட்டில் எதுவும் எழுதத் தேவையில்லை.

"கையைக் காட்டுப்பா" என்றாள்.

காட்டினான். கொப்புளங்கள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருந்தன. நகக்கண்களில் செம்மண்.

"துப்பாக்கி ஸ்லைட ஒரு கையாலதான் இழுப்பாங்க" என்றாள் யோகலட்சுமி மெதுவாக. "ரெண்டு கையிலயும் எப்படி வந்தது?"

பிரேம்நாத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "குழி வெட்டினேன்கா" என்றான். "கல்லறை குழி. வெட்டுற ஆளு வரலை. என் தோஸ்துக்கு நானே வெட்டினேன். அதையும் இவங்ககிட்ட சொன்னேன். நம்பல."

வாஹித் தன் தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்குள் நீட்டினான்.

"துப்பாக்கியைக் கொடுத்தது யாருன்னு இன்பராஜ் சொன்னானா?"

"சொல்லலை. போன மாசம் பேரணாம்பட்டு ரோட்டுல ஒரு கெமிக்கல் ஏஜென்ட்ட சுட்டாங்களே, அந்தத் துப்பாக்கிதான்டா இதுன்னு மட்டும் வெள்ளிக்கிழமை காலையில சொன்னான். பழைய பெயின்ட்ட சுரண்டும்போது பார்த்தானாம், நேர்ல பார்த்தவன் சொன்னதா பேப்பர்ல போட்ட மாதிரியே பக்கத்துல வெட்டுத் தழும்பு. போலீசுக்குப் போறேன்னான். குடுத்தவன்கிட்ட திருப்பிக் குடுக்கும்போது அதையும் சொல்லிட்டான் போல. வெகுளிக்கா அவன்."

"எத்தனை கோட் அடிச்சான்?"

"அதான் கூத்து. இரும்புக்கு மெல்லிசா ஒரே கோட்டுதான்டான்னு சொன்னேன். கேக்கல. தோலுக்கு அடிக்கிற மாதிரியே ரெண்டு தடவை கலரு, மேல ஒரு டாப் கோட்டு. 'ஒரே கோட்டா? குவாலிட்டில ஃபெயில் போட்டுடுவாங்கடா'ன்னு சிரிச்சான்."

வெளியே வந்ததும் வாஹித் பைக்கை உதைத்துக் கிளப்பினான். "அப்ப அந்த மூணு கோட்டுதான் மெர்சியக் காப்பாத்தியிருக்கு."

"வெள்ளிக்கிழமைக்கு. அதுக்கப்புறம் நாலு நாள் ஆச்சு. துப்பாக்கி பழகினதும் அவன் மெர்சியத் தேடித்தான் வருவான்" என்றாள் யோகலட்சுமி. "கையால தேய்ச்சா கொப்புளம் வரும். கொலை நடந்த ஊர்ல கொப்புளத்தோட எவன் சுத்துவான்? கை படாம, சத்தம் வராம, ஒரே சீரா முன்னாடி பின்னாடி தேய்க்கிற மாதிரி ஏதாவது மெஷின் உங்க தொழில்ல இருக்கா?"

வாஹித் பைக்கை அணைத்தான். திரும்பி அவளைப் பார்த்தான்.

"அக்கா, ஆம்பூர்ல நின்னுக்கிட்டு இந்தக் கேள்விய கேக்கறீங்களே! தோல் லேபுக்கு லேபு இருக்கு. ரப்பிங் மெஷின்."

ஃபினிஷிங் யூனிட்டின் லேப் ஒரு சின்ன ஏசி அறை. வெளியே தோல் பதப்படுத்தும் குரோம் நாற்றம். உள்ளே ரூம் ஸ்பிரே நாற்றம். டெக்னீஷியன் மேகலா முப்பது வயதுக்காரி. வெள்ளைக் கோட்டின் பையில் நான்கு கலர் பேனா வைத்திருந்தாள். மெஷினை அவளே ஓட்டிக் காட்டினாள். நீட்டிப் பிடித்துக் கட்டிய தோல் துண்டின்மேல் ஒரு கம்பளித் துண்டைப் பிடித்தபடி இரும்புக் கை முன்னும் பின்னும் நிதானமாகப் போய் வந்தது. டக், டக், டக்.

"சாயம் கம்பளில ஒட்டக்கூடாது, கோட்டு உரியக்கூடாது. ஐந்நூறு தேய்ப்பு தாங்கினா பாஸ்" என்றாள் மேகலா. "இன்பராஜ் அண்ணன் அடிச்ச தோல் லாட்டெல்லாம் எப்பவும் தாங்கும். அப்படியும் சார் பாதிக்கு மேல ஃபெயில் போடுவாரு. அண்ணன் மனசு கஷ்டப்பட்டு வந்து நிப்பாரு."

"இது என்ன நம்பர்?" யோகலட்சுமி மெஷினின் பக்கவாட்டில் குனிந்தாள்.

"மொத்தக் கவுன்ட்டர். மெஷின் வாங்கினதுலருந்து எத்தனை தேய்ப்புன்னு ஓடிக்கிட்டே இருக்கும், பூஜ்யமாக்க முடியாது. சர்வீஸ்காரங்களுக்காக. டெஸ்ட்டுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு ரீடிங்கும் எழுதியே ஆகணும். எழுதலன்னா சார் உரிச்சிடுவாரு."

யோகலட்சுமி ரெஜிஸ்டரைப் புரட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி ரீடிங்: 3,18,640. திங்கட்கிழமை காலை முதல் ரீடிங்: 3,19,140.

நோட்டில் கழித்தாள். மறுபடி கழித்தாள். பிறகு வாஹித்தை அழைத்துக் கழிக்கச் சொன்னாள்.

"ஐந்நூறுக்கா. நான் பத்தாவது ஃபெயிலு, ஆனா இது எனக்கே வருது."

"ஞாயித்துக்கிழமை லீவாச்சே!" மேகலா ரெஜிஸ்டரைப் பிடுங்கிப் பார்த்தாள். "திங்கட்கிழமை புதுப் பொண்ணு எழுதியிருக்கா. நான் கவனிக்கலை மேடம். யாரோ ஐந்நூறு ஓட்டியிருக்காங்க, எழுதலை."

யோகலட்சுமி மெஷினின் இரும்புக் கைக்கு அடியில் விரலைவிட்டுத் துடைத்தாள். விரல் நுனியில் பாசிப் பச்சைப் பொடி மெல்லிசாக ஒட்டியிருந்தது.

கண்டுபிடித்த சந்தோஷத்தை அவள் தனக்கு அனுமதிக்கவில்லை. ஸ்கேலை எடுத்து, கை முன்னால் வந்து நிற்கும் இடத்தையும் பின்னால் போய் நிற்கும் இடத்தையும் அளந்தாள். மூன்றரை. மறுபடி அளந்தாள். கை ஓடிக்கொண்டே இருந்ததால் இந்தத் தடவை கிட்டத்தட்ட நான்கு என்று தெரிந்தது. எது சரி?

"இது எத்தனை தூரம் போகும் மேகலா? கூட்டிக் குறைக்க முடியுமா?"

"முடியாது மேடம். ஃபிக்சட். மூணரைன்னு நினைக்கிறேன். கையேடு சார் ரூம்ல இருக்கு."

"லேப் சாவி யார் யார்கிட்ட?"

"ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. ஞாயித்துக்கிழமை நான் காவேரிப்பாக்கத்துல அண்ணன் பொண்ணு சடங்குக்குப் போயிருந்தேன். இன்னொண்ணு சார்கிட்ட. ஆடிட் ஃபைல் பார்க்கணும்னு ஞாயித்துக்கிழமை வந்ததா வாட்ச்மேன் சொன்னாரு."

"எந்த சார்?" என்றான் வாஹித்.

"எங்களுக்கு ஒரே சார்தானே? ராஜகோபால் சார்."

அறையில் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டக், டக், டக்.

ச்சை, இதுவும் ஃபெயிலா. நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நாக்குப் பழகிப்போனவன் வேறு யார்? பத்தொன்பது அடி அடித்து முடித்து, கையில் ரத்தம் வழிய நிற்கும்போதும் அவன் வாயில் வந்தது அந்த வார்த்தைதான்.

யோகலட்சுமி போனை எடுத்தாள். ராஜகோபாலுக்கு அனுப்பிய செய்தி, காலை 7:12. 'மெர்சி பத்திரமாக இருக்கிறாள். ஒடுகத்தூர், அன்னம்மாள் வீடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். முகம் பார்க்கவில்லை. ஆனால் குரல் கேட்டால் அடையாளம் சொல்வாள்.' கீழே இரண்டு நீல டிக்.

அவள்தான் அனுப்பினாள். எழுத்துப்பிழை இல்லாமல், அடையாளத்தோடு, இரண்டு தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள்.

"சார் எங்க?" என்று மேகலாவின் கையைப் பிடித்துக் கேட்டாள்.

"இப்பதான் மேடம், கால் மணி நேரம் இருக்கும். மெர்சி அக்காகிட்ட பி.எஃப். ஃபாரத்துல கையெழுத்து வாங்கணும்னு கார்ல கிளம்பினாரு."

பைக் மாதனூரைத் தாண்டியபோது வாஹித் ஜோக் சொல்வதை நிறுத்தியிருந்தான். கோவிந்தசாமிக்குப் போன் போட்டாகிவிட்டது. ஒடுகத்தூர்ப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஜீப் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். மெர்சி போனை அணைத்து வைத்திருந்தாள். அணைத்து வைக்கச் சொன்னதும் யோகலட்சுமிதான்.

"அக்கா" என்று காற்றில் கத்தினான் வாஹித். "அவன் கையில இருக்கிறது இப்ப நல்ல துப்பாக்கியா, கெட்ட துப்பாக்கியா?"

"ஒரு தோட்டா நிச்சயம் வரும். துப்பாக்கிய மெஷின்ல இறுக்கி, ஸ்லைட அந்த இரும்புக் கையில கட்டித்தான் ஓட்டியிருப்பான். ஸ்லைடு நாலரை போகணும். மெஷின் மூணரைதான் தேய்ச்சிருக்கும். மிச்சம் ஒரு சென்டிமீட்டர்ல கோட்டு அப்படியே இருக்கும். சுட்டதும் பின்னாடி போய் அங்க சிக்கிக்கும்."

"இருக்கும், சிக்கிக்கும்! உறுதியாச் சொல்லுங்கக்கா, பேஜாரா இருக்கு!"

அவள் சொல்லவில்லை. இரண்டாவது தடவை அளந்தபோது நான்கு வந்ததை அவனிடம் சொல்லவுமில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வெள்ளைக் கார் நின்றிருந்தது. வாசலில் உலர்த்தியிருந்த வேர்க்கடலையில் ஷூ தடங்கள். கதவு திறந்திருந்தது. நடையில் அன்னம்மாள் குப்புறக் கிடந்தாள். தலையைச் சுற்றி ரத்தம் கடலைத் தோலோடு கலந்து குழம்பாகப் பரவியிருந்தது. முதுகு ஏறி இறங்கியது, உயிர் இருந்தது. பக்கத்தில் பி.எஃப். ஃபாரம் மிதிபட்டுக் கிடந்தது.

உள்ளே ராஜகோபால் ஓர் அறைக் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா, கையில் பச்சைத் துப்பாக்கி. கதவின் மேல்கீல் பிய்ந்து தொங்கியது. உள்ளேயிருந்து மெர்சியின் குரல் கிழிந்து வந்தது: "நீதான்! உன் குரல்தான்! நீதான்டா!"

யோகலட்சுமி வாஹித்துக்குக் கையால் பின்பக்கத்தைக் காட்டினாள். அவன் போனதும் நடுக்கூடத்தில் நுழைந்தாள். அந்த ஒரு தோட்டா கதவைத் துளைக்கக்கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

"சார்" என்றாள். "ஐந்நூறோட ஏன் நிறுத்திட்டீங்க?"

ராஜகோபால் திரும்பினார். துப்பாக்கியும் திரும்பியது.

"மேடம், நீங்க நல்ல டிடெக்டிவ்தான். மூணு நாள்ல கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க" என்றார், மூச்சு வாங்க. "அந்த கெமிக்கல் ஏஜென்ட் நாய் என்னைச் சும்மா விட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. பொய் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்னான். நான் போட்டேன்தான். எல்லாரும் போடறான். அவனை முடிச்சேன். அப்புறம் இந்த ஸ்பிரே அடிக்கிற பய வந்து எனக்குப் புத்தி சொல்றான்."

"ஐந்நூறோட ஏன் நிறுத்தினீங்க?"

"அதான் ஸ்டாண்டர்டு!" என்று கத்தினார். "ஐந்நூறுக்கு மேல எதுக்கு?"

"மெஷினோட கை எத்தனை சென்டிமீட்டர் போகும் சார்?"

அரை நொடி அவர் கண்கள் மேலே போயின. இருபது வருஷ வழக்கம். கேள்வி கேட்டால் கணக்குப் போடும் புத்தி. அவர் முகத்தில் அந்த எண் வந்து விழுந்ததை அவள் பார்த்தாள். மூன்றரை. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொருவர் அவளுக்காக மூன்றாவது தடவை அளந்து சொன்னதுபோல இருந்தது.

சுட்டார்.

இடது புஜத்தில் யாரோ கடப்பாரையால் அடித்ததுபோல இருந்தது. யோகலட்சுமி சுவரில் மோதிச் சரிந்தாள். சட்டைக் கை கிழிந்து ரத்தம் விரல் நுனிவரை ஓடியது. கண் இருட்டியது, ஆனாலும் பார்த்தாள். ஸ்லைடு பின்னால் போய், அங்கேயே நின்றிருந்தது.

ராஜகோபால் விசையை அழுத்தினார். அழுத்தினார். இடது கையால் ஸ்லைடை முன்னால் தள்ளப் பார்த்தார். தள்ளிவிட முடியும், கோவிந்தசாமி சொல்லியிருக்கிறார். இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடிக்குள் கொல்லைப்புறக் கதவு வழியாக வாஹித் பாய்ந்து அவர் கழுத்தில் விழுந்தான். இருவரும் கடலை மூட்டைமேல் உருண்டார்கள். ராஜகோபால் துப்பாக்கியால் அவன் வாயில் குத்தினார். பல் உடைந்த சத்தம் கேட்டது. மறுபடி குத்தினார். வாஹித்தின் பிடி தளர்ந்தது. ராஜகோபால் எழுந்து முழங்காலிட்டு, உள்ளங்கையை ஸ்லைடின் பின்னால் வைத்துப் பலமாகத் தள்ளினார். டக்கென்று அது முன்னால் போய் உட்கார்ந்தது.

அதே நேரம் அறைக் கதவு திறந்தது.

மெர்சியின் கையில் களைக்கொத்து. அவள் கத்தவில்லை. ஓங்கி ஒரே போடு. ராஜகோபாலின் மணிக்கட்டு, வளையக்கூடாத பக்கமாக வளைந்தது. துப்பாக்கி தரையில் விழுந்து சுழன்றது. அவர் ஊளையிட்டார்.

மெர்சி களைக்கொத்தைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். குழாயைப் பிடித்து, அன்று குடோனில் அவர் பிடித்த மாதிரியே திருப்பிப் பிடித்து, ராஜகோபாலின் தலையில் அடித்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

அவர் நெற்றி பிளந்தது.

"ரெண்டு."

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். உடைந்த கை. மூன்றாவது அடி அதன்மேலேயே விழுந்தது. அவர் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. வாயில் ரத்தம் ஒழுக எழுந்த வாஹித், யோகலட்சுமியைப் பார்த்தான். தடுக்கவா என்று கேட்கும் பார்வை. அவளுக்கே தெரியவில்லை. பத்தொன்பது என்ற எண்ணை அவளே தன் நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டிருந்தாள். அதற்குமேல் எதுவும் அளக்கத் தெரியாதவளாக, சுவரைப் பிடித்து எழுந்து, தள்ளாடிப் போய், ரத்தம் சொட்டும் கையால் மெர்சியின் கையைப் பிடித்தாள்.

"மூணோட போதும்மா. பிரேம்நாத் லாக்கப்புல இருக்கான். இவன் வாயால உண்மை வந்தாத்தான் அவன் வெளிய வருவான். செத்த வாய் பேசாது."

மெர்சியின் கை மேலேயே நின்றது. அப்புறம் மெதுவாக இறங்கியது.

தூரத்தில் ஜீப் சத்தம். வாஹித் பிளாஸ்டிக் கயிற்றால் ராஜகோபாலின் கால்களைக் கட்டிவிட்டு, அன்னம்மாளின் தலைக்குத் துண்டை வைத்து அழுத்தினான். உடைந்த பல்லைத் துப்பிவிட்டு, "அக்கா" என்றான், வார்த்தைகள் குழறின. "மூணரைன்னு எவ்ளோ உறுதியாத் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு தடவை அளந்தேன்."

"ரெண்டு தடவையும் மூணரைதானே?"

யோகலட்சுமி கிழிந்த சட்டைக் கையை இழுத்துப் புஜத்தில் கட்ட ஆரம்பித்தாள்.

"யா அல்லா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டான் வாஹித்.

மெர்சி அவர்களைக் கவனிக்கவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்து, முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள். கைப்பிடி, குழாய், விளிம்பு. தோலைப் பார்க்கிறவர்கள் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். பிறகு குனிந்து, ரத்தம் வழியும் ராஜகோபாலின் முகத்துக்கு நேராக அதைப் பிடித்தாள்.

"கோட்டு நிக்கலை, நிக்கலைன்னு எம் புருஷன் அடிச்ச லாட்டெல்லாம் ஃபெயில் போடுவியே" என்றாள். "மெஷின்ல ஐந்நூறு தேய்ச்சிருக்க. அவர் மண்டையில பத்தொன்பது அடிச்சிருக்க. எங்கயாவது உரிஞ்சிருக்கா? பாரு. நல்லாப் பாத்துச் சொல்லு."

ராஜகோபால் கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லுடா" என்றாள் மெர்சி. "பாஸா, ஃபெயிலா?"